டீக்கு முன்னால் காசு

சுங்குவார்சத்திரம் டீக்கடையில் அந்தக் காண்ட்ராக்ட் தொழிலாளியைப் பார்ப்பேன். நரைத்த மீசை, சாயம்போன யூனிஃபார்ம். கிளாஸ் வருமுன்பே காசை வைத்துவிடுவார். பிறர் வாங்கித் தரும் டீயைத் தொடமாட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, எனக்கு லீவு. பேப்பரைக் காட்டி, "பணக்கார நாடுங்க ஏழை நாடுங்களோட கடனைத் தள்ளுபடி பண்ணப் போறாங்களாம்ணே. நல்லதுதானே?" என்றேன்.

"பதிலுக்கு இன்னா கேட்டாங்க?"

"அது போடலியே."

"எங்க காண்ட்ராக்டரும் எம்பொண்ணு கல்யாணத்துக்குக் குடுத்த கடனைத் திருப்பித் தர வேணாம்னுட்டான். எல்லாரும் பாக்கக் கையெடுத்துக் கும்பிட்டேன். நம்பினேம்பா. அப்பாலேர்ந்து ஞாயித்துக்கெழமைன்னா சம்பளமில்லாம வேலைக்குக் கூப்புடுறான். கடன்னா கட்டிட்டுப் போய்க்கினே இருப்பேன். மன்னிச்சத எப்டி கட்றது?"

காண்ட்ராக்டரின் வேன் வந்து ஹாரன் அடித்தது. ஓடிப்போய் ஏறிக்கொண்டார். அவர் காசு கொடுத்து வாங்கிய டீ, பாதிக்கு மேல் அப்படியே இருந்தது.