அலமாரிக்குள் ஒரு வாசனை

கடையில் அவளுக்கு ‘மூக்கு’ என்று பெயர். துணி, செருப்பு, சூட்கேஸ் எல்லாம் விற்கிற பெரிய கடை அது. மாடிப்படிக்குப் பக்கத்தில் கண்ணாடி மேசை போட்டு சென்ட் விற்கிறவள் அவள். எதிரே கைப்பை விற்கிறவள் வைத்த பெயர் அது. வைத்ததில் தப்பு ஒன்றும் இல்லை. வந்தவர் வாயைத் திறப்பதற்குள், “அது உங்களுக்கு ஒத்து வராதுங்க” என்று வேறு புட்டியை எடுத்துவிடுவாள். சிலர் முறுக்கிக்கொண்டு தங்களுக்குப் பிடித்ததையே வாங்கிப் போவார்கள். அப்புறம் அசடு வழியத் திரும்பி வருவார்கள். அப்போது அவள் முகத்தில் வழிகிற பெருமையைப் பார்க்கச் சகிக்காது.

பூவும் கட்டையும் கலந்த சென்ட் ஒன்று இருந்தது. அதை விற்பதென்றால் அவளுக்குத் தனி குஷி.

“அடிச்ச உடனே வாங்கிடாதீங்க. முதல்ல பூதான் வரும். அது எல்லார்கிட்டயும் சிரிச்சுப் பேசும். கடையை ஒரு சுத்து சுத்திட்டு வாங்க. அப்புறம்தான் சந்தனக்கட்டை எட்டிப் பார்க்கும். அதுதான் ஆளு. இதைப் போடறவங்க அதிர்ந்து பேச மாட்டாங்க. ஆனா எழுந்து போனாங்கன்னா அறையே வெறிச்சுனு ஆயிடும்.”

வாங்க வந்தவர்கள் தாங்களும் அப்படித்தானோ என்று கொஞ்சம் நிமிர்ந்து நிற்பார்கள். வியாபாரம் முடிந்துவிடும்.

இவளுக்கு இனி கல்யாணம் ஆகாது என்று சொந்தக்காரர்கள் கை கழுவிவிட்ட வயதில், கடையின் லிஃப்டைப் பழுதுபார்க்க ஒரு மெக்கானிக் வந்தார். மனைவியை இழந்தவர், பள்ளிக்கூடம் போகிற மகள் ஒருத்தி. கையெல்லாம் கிரீஸோடு மேசை முன்னால் நின்று, “இந்த நாத்தம் போக எதை அடிக்கலாம்?” என்று கேட்டார். “சோப்பு” என்றாள். அதற்கு அவர் சிரித்த சிரிப்பு கல்யாணத்தில் வந்து நின்றது.

புது வீட்டில் தன் துணிமணிகளை அடுக்கலாம் என்று அலமாரியைத் திறந்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே பூ, அதே கட்டை. மேல்தட்டின் மூலையில் பாதி தீர்ந்த புட்டியும் இருந்தது. இது யாருடையது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தொழில் புத்தி சும்மா இருக்குமா? போட்டோவைக்கூடச் சரியாகப் பார்க்காதவள், அந்த வாசனையை வைத்தே போனவளை முழுசாக உருவாக்கிவிட்டாள். மெல்லிய குரல், நிதானமான நடை, பொறுமையோ பொறுமை. அவள் எழுந்து போனதில் இந்த வீடே வெறிச்சோடிக் கிடக்கிறது. அந்த இடத்தில் போய், தொண்டையைத் திறந்தால் தெருமுனை வரை கேட்கிற தான் எப்படி உட்காருவது? அலமாரியை மெதுவாகச் சாத்தினாள். துணிகளைத் திரும்பவும் சூட்கேஸிலேயே வைத்துக் கட்டில் ஓரமாக நிறுத்தினாள்.

அதன் பிறகு பாவம், அவள் தன்னைத்தானே பாடாய்ப் படுத்திக்கொண்டாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள். ஒரு நாற்காலியைக்கூட இடம் மாற்றவில்லை. வீட்டில் இருக்கிற வாசனை கெட்டுவிடக் கூடாது என்று கடையிலேயே கை, கழுத்தெல்லாம் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் பஸ் ஏறுவாள். மகளும் மரியாதையான பெண். “சித்தி, சாப்பிட்டீங்களா?” என்று விருந்தாளியைக் கேட்பதுபோலக் கேட்பாள். சில சமயம் அலமாரியைத் திறந்து உள்ளே முகத்தை வைத்தபடி நிற்பாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் இவள் சத்தமில்லாமல் நகர்ந்துவிடுவாள். இந்த வீட்டில் தனக்கு ஓர் இடம் கிடைக்கவே கிடைக்காதோ என்று பயந்தாள்.

“இன்னும் பெட்டியிலயே வெச்சிருக்கியே, ரயிலுக்கு ஏதும் டிக்கெட் எடுத்திருக்கியா?” என்று கணவர் கேட்டார். அவள் சிரித்து மழுப்பினாள்.

ஒரு விடுமுறை நாளில் அவர் வேலைக்குப் போயிருந்தார். அவள் மண்டி போட்டுத் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஓடி வந்த மகள் சூட்கேஸில் காலை இடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தாள். விரலைப் பிடித்துக்கொண்டு பெட்டியையே பார்த்தாள்.

“சித்தி, நீங்க எங்களை விட்டுட்டுப் போயிடப் போறீங்களா?”

“யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல. வந்ததுலேருந்து பெட்டி கட்டியே இருக்கே.”

அவளுக்குப் பகீரென்றது. “ஐயையோ, அதுக்கில்லடா. அது உங்கம்மா அலமாரி. என் துணியை வெச்சா அம்மா வாசனை போயிடுமே. எவ்வளவு அமைதியானவங்க, அதிர்ந்து ஒரு வார்த்தை...”

மகள் வலியை மறந்து நிமிர்ந்தாள். “யாரு, எங்கம்மாவா? அம்மா என்னைக் கூப்பிட்டா பக்கத்து வீட்ல எல்லாரும் எட்டிப் பார்ப்பாங்க சித்தி!”

“அப்ப அந்த சென்ட்டு?”

“அப்பா வாங்கிக் குடுத்தது. அம்மாவுக்கு அது ஆகவே ஆகாது, தலைவலி வந்துடும். வீணாப் போகுதேன்னு அலமாரியில பூஞ்சை வாடைக்கு அடிச்சு விடுவாங்க.”

மூக்கு தன் வாழ்நாளில் இப்படி ஏமாந்ததில்லை. பூஞ்சைக்கு அடித்த சென்ட்டுக்குப் பயந்தா இத்தனை நாளும் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தோம்? அடக்க மாட்டாமல், தன் சொந்தக் குரலில், தெருமுனை வரை கேட்கும்படிச் சிரித்தாள். மகளும் சேர்ந்து சிரித்தாள்.

சிரித்து ஓய்ந்ததும் கேட்டாள். “அப்ப நீ ஏன் அதுக்குள்ள தலையை விட்டுட்டு நிக்கறே?”

மகள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். “துணியில எங்கயாவது அம்மா வாசனை ஒட்டியிருக்கான்னு பார்ப்பேன். அந்த சென்ட்டுதான் வருது. அம்மா வாசனை எப்படி இருக்கும்னே எனக்கு மறந்துபோச்சு சித்தி.”

ஊரில் இருக்கிற அத்தனை பேருக்கும் புட்டி எடுத்துக் கொடுத்தவளிடம் இதற்கு ஒரு புட்டியும் இல்லை. சோப்பு நுரைக் கையோடு மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். மகள் அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்தாள்.

“இன்னிக்கு என்ன சென்ட் போட்டிருக்கீங்க?”

“ஒண்ணும் போடலடி. வெறும் வேர்வை. தள்ளு, நாறும்.”

மகள் தள்ளிப் போகவில்லை. மூச்சை நன்றாக உள்ளே இழுத்தாள்.

“கொஞ்சம் அசையாம இருங்க சித்தி. இதையாவது நான் மறக்காம வெச்சுக்கறேன்.”