மூன்று இழுப்பு

பதினெட்டு வயசிலிருந்து டைரி எழுதுகிறவன் நான். யாராவது பேய், பிசாசு என்று ஆரம்பித்தால் "எத்தனை மணிக்கு?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவேன். நீங்களும் என்னை அதையே கேட்கலாம். நிமிஷம் உட்பட குறித்து வைத்திருக்கிறேன்.

எழுபதுகளில் ஒரு தை மாதம். நானும் என் மனைவியின் தம்பி சேதுவும் ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டிலிருந்து வித்துரா போய், போனக்காடு தேயிலை எஸ்டேட்டுக்கு மேலே மலை ஏறினோம். மூன்று பக்கமும் பாறைச் சுவர், நடுவில் கிண்ணம் போல ஒரு பள்ளம். குளிரில் பாறையெல்லாம் ஈரம். "எங்காத்துக்கு ஒரே பிள்ளை, பத்திரமா அழைச்சுண்டு வாங்கோ" என்று மனைவி சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். அதனால் அவன் இடுப்பில் கயிற்றை நானே கட்டினேன், இரட்டை முடிச்சு; மறுமுனை என் கையில். மேலே போய் அவன் இரண்டு முறை இழுத்தால் நான் ஏறலாம், மூன்று முறை இழுத்தால் ஏறக்கூடாது. அதையும் எழுதிக்கொண்டேன்.

"மூச்சு விட்டதையும் எழுதிக்கோங்கோ, அத்திம்பேர்! அக்கா செக் பண்ணுவா, கேட்டேளா!" என்று சிரித்தபடி ஏறினான்.

ஒன்றே காலுக்கு மூடுபனி இறங்கியது. என் கையே எனக்குத் தெரியவில்லை. சற்றைக்கெல்லாம் கல் உருளும் சத்தம். கத்திக் கூப்பிட்டேன், பதில் இல்லை. ஒன்று ஐம்பதுக்கு நேர் மேலே அவன் குரல், நிதானமாக: "அத்திம்பேர், ஏறி வாங்கோ." கயிற்றைப் பிடித்துப் பாறையில் கால் வைத்தேன். கயிறு இழுபட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. மறுபடியும் கூப்பிட்டான், மறுபடியும் மூன்று. நம்பினால் நம்புங்கள், இப்படி நாலு தடவை. பேசிவைத்தது பேசிவைத்ததுதான் என்று நான் ஏறவில்லை.

மூன்று மணிக்குப் பனி விலகியது. சேது இடது பக்கச் சரிவில், நான் நின்ற திட்டுக்கும் கீழே, கழுத்து மடங்கிக் கிடந்தான். உடல் சில்லிட்டிருந்தது. கைக்கடிகாரம் ஒன்று இருபதில் உடைந்து நின்றிருந்தது.

கயிற்றை லேசாகத்தான் இழுத்தேன், சரசரவென்று முழுதும் என் காலடியில் வந்து விழுந்தது. மேலே அது எதிலும் மாட்டியிருக்கவில்லை. என் பாரத்தைத் தாங்கியிருக்காது. நான் போட்ட முடிச்சு அவிழாமல், இடுப்பளவு வளையமாக அப்படியே இருந்தது. உள்ளே ஆள்தான் இல்லை.

காரியமெல்லாம் முடிந்தபின் மனைவி கேட்டாள்: "கடைசியா உங்களைக் கூப்பிட்டானா?"

"இல்லை" என்றேன். கூப்பிட்டது அவன் என்றால் தடுத்தது யார் என்று அவளிடம் எப்படிக் கேட்பது?

கயிறு பரணில் இருக்கிறது. சில மத்தியானங்களில் அங்கே ஏதோ உரசும். எழுதுவதை நிறுத்திவிட்டு எண்ணுவேன். இதுவரை மூன்றுதான். என்றைக்காவது இரண்டோடு நின்றுவிடுமோ என்றுதான் பயம்.