கொழுந்துக் கூடையில் ஒரு கேளையாடு

போன கிழமை என் மகள் தன் ஃபோனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். ஏதோ ஒரு வெளிநாட்டுப் பெண் தன்னந்தனியாக மலைக்காட்டில் கூடாரம் போட்டுத் தங்கி, மான் ஒன்றைச் சுட்டு, முதுகில் சுமந்துகொண்டு இறங்கி வருகிறாள். “பாருங்கம்மா, பொம்பள தனியா போயிருக்கா!” என்று இவளுக்கு ஒரே ஆச்சரியம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த அம்மாளின் சப்பாத்து முழங்கால் வரை இருந்தது. நான் வேட்டைக்குப் போனபோது காலில் செருப்புக்கூடக் கிடையாது. அட்டை கடிக்காமல் இருக்க மஞ்சள் சவுக்காரத்தைக் குழைத்துக் கணுக்கால் மேலே பூசிக்கொண்டு போனேன். அந்தச் சவுக்கார வாடை ஹாலிஎல கடைகளில் எங்காவது அடித்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம்தான் முதலில் வருகிறது. வேட்டைக்குச் சட்டம் பேசுகிறவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்.

எங்கள் தேயிலைத் தோட்டம் நமுனுகுல மலையடியில். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து அறைகளில்தான் எங்கள் குடியிருப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் லயத்து ஆண்கள் நாய்களோடு காட்டுக்குப் போவார்கள். கிடைத்ததை, நாங்கள் சாமியாகக் கும்பிடும் முனியாண்டி கல்லுக்கு முன்னால் வெட்டி, படங்கை விரித்துக் கூறு போடுவார்கள். படங்கு என்றால் கொழுந்தெடுக்கும்போது நாங்கள் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் சாக்கு. ஒருவர் கூறுகளுக்கு முதுகைக் காட்டி நிற்பார். இன்னொருவர் ஒரு கூறைத் தொட்டு, “இது யாருக்கு?” என்பார். நிற்பவர் திரும்பிப் பார்க்காமல் ஒரு பெயரைச் சொல்வார். அந்தப் பெயருக்கு அந்தக் கூறு. எலும்பாக வந்தாலும் ஈரலாக வந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது. நல்ல நியாயம்தான், ஒன்றைத் தவிர. வேட்டைக்கு ஆண் போகாத வீட்டுக்குப் பெயரே கிடையாது. போன நாய்க்கு உண்டு.

அப்பா இருந்தவரை எங்களுக்கு இரண்டு கூறு. அவருக்கு ஒன்று, எங்கள் நாய் கறுப்பிக்கு ஒன்று. அப்பா காய்ச்சலில் போனார். அதற்குப் பிறகும் கறுப்பியை வேட்டைக்குக் கூட்டிப் போனார்கள். அன்றைக்கு அம்மா ஏனத்தோடு போய் நின்றாள். வேட்டைக்குத் தலைவர் சின்னையா மாமா. அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்:

“ஆம்பள இல்லாத வீட்டுக்கு என்னான்னு பேர் சொல்றது? நாய்ப் பங்கு இருக்கு, எடுத்துக்கிட்டுப் போங்க.”

அம்மா அதைத் தொடாமல் வெறும் ஏனத்தோடு திரும்பி வந்தாள். இறைச்சி ஆசை எனக்கும் உண்டு, இல்லை என்று வேஷம் போடமாட்டேன். ஆனால் வயிறு எரிந்தது அதற்காக இல்லை. மழை வெயில் பார்க்காமல் அந்தத் தோட்டத்தில் கொழுந்தெடுத்தவளுக்கு மீனாச்சி என்று ஒரு பெயர் இருந்தது. நாய்க்குக் கிடைத்தது அவளுக்கு ஏன் இல்லை? அந்தக் கல்லுக்கு முன்னால் அந்தப் பெயரைச் சொல்ல வைத்தே தீருவது என்று முடிவெடுத்தேன்.

அடுத்த ஞாயிறு விடிந்ததும் அப்பாவின் ஈட்டி, தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் கத்தி, கறுப்பி, முதுகில் கூடை என்று கிளம்பினேன். யாரிடமும் சொல்லவில்லை. ஆண்கள் எப்போதும் ஆற்றுப் பக்கம்தான் போவார்கள். எனக்கு வேறு இடம் தெரியும். மேல்மலையில் அப்போதுதான் கவ்வாத்து வெட்டியிருந்தார்கள். அங்கே புல் தளிர்க்கும்போது கேளையாடு இறங்கும். மான் சாதிதான், ஆனால் நாய் மாதிரிக் குரைக்கும். வெட்டிய மிலாறுக் குச்சிகள் எல்லாம் தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்து, கான் இருப்பதே தெரியாமல் மூடிக் கிடந்தது. அது மனிதர் காலையே வாங்கும் என்பது அங்கே தினமும் வேலை செய்கிற பெண்களுக்குத்தான் தெரியும்.

கறுப்பியைக் காட்டோரமாக ஏவிவிட்டு, கானுக்குப் பக்கத்தில் குந்தினேன். பயமா? இல்லாமல் என்ன, ஈட்டியை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தேன். பனி விலகுவதற்குள் குரைப்பு கேட்டது. எது கறுப்பி, எது கேளை என்று புரியவில்லை. ஒரு சிவப்பு உடம்பு என்னைத் தாண்டிப் பாய்ந்து மிலாறுக்குள் இறங்கி மாட்டிக்கொண்டது. கண்ணைப் பார்த்தேன். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் குத்தினேன்.

ஒரு கூடை ஈரக் கொழுந்தின் கனம்தான். கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு இறங்கினேன். நாலு கால்களும் கூடைக்கு வெளியே ஆடின.

முனியாண்டி கல்லுக்கு முன்னால் இறக்கினதும் லயமே கூடிவிட்டது. சின்னையா மாமா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தார்.

“பொம்பள கொண்டாந்தத சாமிக்குப் படைக்க ஏலாது புள்ள.”

“சாமிக்கு வேணாம்னா விடுங்க மாமா. மனுசருக்குப் பங்கு போடுறேன்.”

நானே வெட்டினேன். அழகாக வெட்டினேன் என்று சொல்லமாட்டேன். கூறு போட்டுவிட்டு, முதுகைத் திருப்பி நின்றேன். கூறைத் தொட ஒரு ஆணும் வரவில்லை. பின்னாலிருந்து அம்மாவின் குரல்தான் கேட்டது.

“இது யாருக்கு?”

“மாரியாயிக்கு,” என்றேன். மாரியாயி புருஷன் இல்லாதவள். அடுத்தது தெரேசா. அடுத்தது பாக்கியம். ஆண் இருக்கிற வீடுகளுக்கும் பெண்ணின் பெயரைத்தான் சொன்னேன். “சின்னையா மாமா பொஞ்சாதி ராமாயிக்கு” என்றபோது யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ராமாயி அத்தை புருஷன் பக்கம் திரும்பாமலே வந்து தன் கூறை எடுத்துக்கொண்டு போனாள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கைப்பிடிகூடத் தேறவில்லை. கடைசியாக எஞ்சியது ஒரே கூறு. அம்மா கேட்பதற்குள் நான் கத்தினேன்:

“மீனாச்சிக்கு!”

இப்போது அந்த லயம் இல்லை. மண் சரிந்து பாதி போனது, மீதியை இடித்துவிட்டார்கள். வேட்டையும் போனது. அதற்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடமாட்டேன். கேளையின் குரைப்பைக் கேட்டு எத்தனையோ காலமாகிறது, அது மட்டும் கஷ்டமாக இருக்கிறது. அந்தப் பெண்களில் ஒருத்தியும் இன்று இல்லை. புதைத்த இடத்தில் கல்லும் இல்லை, தேயிலைதான். அம்மா எந்தச் செடியடியில் கிடக்கிறாள் என்று எனக்கே நிச்சயமில்லை. அங்கே போகும்போதெல்லாம் மேட்டில் நின்று மீனாச்சி என்று உரக்கச் சொல்லிவிட்டு வருகிறேன். சின்னையா மாமாவும் அந்தச் சரிவில்தான் எங்கோ படுத்திருக்கிறார். கேட்கட்டும்.