மேல்கலை, கீழ்க்கலை, ஒரு போல்ட்

என் மாமனாருக்கு, தமிழ் பேசும் எல்லையோர ஊரான கௌதள்ளியில் இரண்டு டிராக்டரும் ஒரு பழைய ஜீப்பும் உண்டு. என்னைப் பற்றி ஒரு கருத்தும் உண்டு. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் அவரிடம், "உங்க மாப்பிள்ளைக்கு வண்டி வாசியெல்லாம் தெரியுமுங்களா?" என்று கேட்டிருக்கிறார். "தெரியாம என்னங்க? சாவி எங்க இருக்குதுன்னு தெரியும்" என்றாராம் மாமனார். பந்தியே சிரித்திருக்கிறது.

இதை எனக்கு வந்து சொன்னவள் என் மனைவி. சிரிக்காமல் சொன்னாள். கூடவே சிரித்திருந்தால் நானும் சிரித்துவிட்டு மறந்திருப்பேன்.

அவள் ஹனூரில் அரசுக் கல்லூரி ஆசிரியை. திங்கட்கிழமை விடிகாலை மைசூரிலிருந்து காரை எடுத்துக்கொண்டு கிளம்பினால், வாரம் முழுக்கக் கௌதள்ளியில் அப்பா வீட்டில் தங்கிக் கல்லூரிக்குப் போய்வருவாள். சனிக்கிழமை மாலை சரஸ்வதிபுரத்தில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பாள். அந்தச் சிறிய கார் இல்லாவிட்டால் மூன்று பஸ் மாற வேண்டும். நான் வீட்டிலேயே கணினி முன்னால் உட்கார்ந்து வேலை பார்க்கிறவன். எனக்கு ஒரு பஸ்ஸும் மாற வேண்டியதில்லை.

"ஆயில் மாத்தற நாளு தாண்டிப்போச்சுங்க. ஒர்க்‌ஷாப்புல வுட்டு எடுத்துருங்க" என்றாள் ஒரு சனிக்கிழமை.

"நானே மாத்தறேன்" என்றேன்.

"எதை?" என்று கேட்டாள். அவள் கிண்டல் செய்யவில்லை. உண்மையிலேயே விளங்காமல்தான் கேட்டாள்.

மாமனாரின் அந்த ஒரு வாக்கியத்தைத் திருத்திவிட வேண்டும். எனக்கு வேறு லட்சியம் கிடையாது. ஆயில் மாற்றினால் வண்டிக்கு நல்லது என்பதெல்லாம் இரண்டாம்பட்சம்.

வேலையில் இறங்குவதற்கு முன்னால் ஆராய்ச்சியில் இறங்கினேன். எங்கள் குடும்ப வழக்கம் அது. மேல்கோட்டைப் பக்கத்து வைஷ்ணவக் குடும்பம் எங்களுடையது. எந்த வேலையையும் செய்வதற்கு முன் அதைச் செய்வதில் உள்ள கட்சிகள் எத்தனை என்று பார்ப்போம். பார்த்து முடிப்பதற்குள் பெரும்பாலும் அந்த வேலையை வேறு யாராவது செய்து முடித்திருப்பார்கள். பழைய ஆயிலை இஞ்சினிலிருந்து வெளியேற்ற இரண்டு வழி உண்டு என்று தெரிந்தது. ஒன்று, வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கி வைத்து, அடியில் படுத்து, ஆயில் சேம்பரின் அடிவயிற்றில் இருக்கும் போல்ட்டைக் கழற்றி ஆயிலைக் கீழே இறக்குவது. மற்றது, ஆயில் அளவு பார்க்கும் குச்சி நிற்கிற ஓட்டை வழியே மேலிருந்து ஒரு குழாயை விட்டு, பம்பால் உறிஞ்சி எடுப்பது.

இதை எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டது நான் செய்த முதல் தவறு. தமிழைக் கன்னட எழுத்தில் எழுதுகிறவர்கள் பாதி, ஆங்கில எழுத்தில் எழுதுகிறவர்கள் பாதி என்று நடக்கிற குழு அது. கோயில் யானைக்கு எந்த நாமம் என்று தலைமுறை தலைமுறையாகச் சண்டை போட்டவர்களின் வாரிசுகளுக்கு, ஆயிலுக்கும் இரண்டு கட்சி உண்டு என்று தெரிந்ததும் பழைய உற்சாகம் திரும்பிவிட்டது. அன்று மாலைக்குள் மேல்கலை, கீழ்க்கலை என்று பிரிந்துவிட்டார்கள். பெங்களூரிலிருக்கும் அத்தை பையன் மேல்கலைக்குத் தலைவன். கீழே படுக்க வேண்டாம், சட்டை அழுக்காகாது, போல்ட்டைத் தொடவே வேண்டாம் என்பது அவன் வாதம். அடியில் தங்கும் கசடு மேலிருந்து உறிஞ்சினால் வராது என்றது எதிர்க்கட்சி. கசடு இருந்தால் என்ன, நம் குடும்பத்தில் இல்லாத கசடா என்று ஒரு பெரியம்மா நடுவில் எழுதினார்.

கடைசியில் மேல்கோட்டையிலிருந்து சித்தப்பா தீர்ப்பு வழங்கினார். அவர் சமஸ்கிருதம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கார் வைத்துக்கொண்டதில்லை. மைசூர் வருவதானால் பஸ்ஸில்தான் வருவார். ஆகவே பாரபட்சமில்லாதவர் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டோம். குரல் செய்தி அனுப்பினார்.

"பாருடா. குரங்குக்குட்டி தாயைத் தானே கெட்டியாப் பிடிச்சுக்கறது. பூனைக்குட்டி சும்மா இருக்கு, தாய் கவ்விண்டு போறது. பம்பு வெச்சு உறிஞ்சறது குரங்கு வழி, நம்ம முயற்சி. கீழே திறந்துவிட்டுட்டுச் சும்மா இருந்தா எண்ணெய் தானா இறங்கும். அது பூனை வழி, சரணாகதி. நம்பளவா எந்த வழின்னு உனக்கு நான் சொல்லணுமா?"

சொல்ல வேண்டியதில்லை. நான் கீழ்க்கலைக்குப் போனேன்.

அடுத்த ஞாயிறு காலை, ஆன்லைனில் வாங்கிய இரண்டு சாய்வுப் பலகைகளின் மேல் முன்சக்கரங்களை ஏற்றி, கைபிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கல் வைத்தேன். வடிகிற ஆயிலைப் பிடிக்க அகலமான, தணிந்த பாத்திரம் ஒன்று வேண்டியிருந்தது. அந்த அளவில் வீட்டில் இருந்தது புளியோதரை கலக்கும் தாம்பாளம் ஒன்றுதான். அதன்மேல் என் பார்வை போன போக்கைப் பார்த்து என் மனைவி சமையலறைக் கதவைச் சாத்தினாள். துடைப்பத் துணி அலசும் பிளாஸ்டிக் பேசின் கிடைத்தது.

போல்ட் ஒழுங்காகக் கழன்றது. அதற்கு நான் எந்தப் பெருமையும் கொண்டாட முடியாது, ஆனாலும் கொண்டாடினேன். கன்னங்கரேலென்று ஆயில் கயிறு மாதிரி இறங்கியது. நான் சும்மா இருந்தேன். சித்தப்பா சொன்னபடி அது தானாகவே இறங்கியது. வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தபடியே ஒரு போட்டோ எடுத்துக் குழுவில் போட்டேன். மாமனாருக்கும் அனுப்பலாமா என்று யோசித்து, முழுக்க முடிந்த பிறகு அனுப்பலாம் என்று விட்டேன். என் வாழ்க்கையில் நான் எடுத்த ஒரே புத்திசாலித்தனமான முடிவு அது.

ஃபில்டரை மாற்றினேன். புது வாஷர் போட்டு, போல்ட்டைத் திரும்ப வைத்துக் கையாலேயே நாலு சுற்று சுற்றினேன். பிறகு ஸ்பேனரை எடுத்தேன். அந்த நேரத்தில்தான் மனைவி உதவிக்கு வந்து பானெட் பக்கம் நின்றாள். கையில் போன். அதில் ஒரு கன்னட வீடியோ ஓடிக்கொண்டிருந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் சண்டை தமிழில் நடக்கும். உத்தரவு கன்னடத்தில் வரும். நாள் முழுக்கக் கன்னடத்தில் பாடம் நடத்துகிறவள், அந்தப் பழக்கம் என்று நான் நினைத்திருந்தேன். வலது பக்கம் திரும்பு என்று சொல்ல வேண்டியிருந்தால் 'பலக்கே' என்பாள். கன்னடத்தில் அதுதான் வலப்பக்கம். மைசூரில் பிறந்து வளர்ந்த எனக்கு அது தெரியாதா? சாலையில் சொன்னால் தெரியும். ஆனால் முகத்துக்கு மேலே ஒரு டன் இரும்பும், கையில் ஒரு ஸ்பேனரும், மனசுக்குள் மாமனாரும் இருக்கும்போது காது எந்த மொழியில் கேட்கும் என்று சொல்ல முடியாது.

"பலக்கேங்க" என்றாள் மேலிருந்து.

பலமாக என்று கேட்டது எனக்கு. பலமாகத் திருகினேன். வலப்பக்கம்தான் திருகிக்கொண்டிருந்தேன், அதில் பிழையில்லை.

"ஆமா, பலக்கே, பலக்கே."

இன்னும் பலமாகத் திருகினேன். பல்லைக் கடித்துக்கொண்டேன். டிராக்டர்காரர் மகள் சொல்கிறாள், அவளுக்குத் தெரியாதா என்று நினைத்தேன். வீடியோவில் இருந்த ஆள் வேறு அதையே சொன்னான். அவள் திருப்பிச் சொன்னாள். ஸ்பேனரை இரண்டு கையாலும் பிடித்து, ஒரு காலைச் சக்கரத்தில் உதைத்துக்கொண்டு இழுத்தேன்.

டக் என்றது. அதுவரை இறுகிக் கிடந்த போல்ட் சட்டென்று சாதுவாகிவிட்டது. எந்தப் பக்கம் திருப்பினாலும் திரும்பியது.

"உக்காந்துடுச்சுங்களா?" என்றாள்.

"கச்சிதமா" என்றேன்.

சேம்பரின் திருகுமரை போய்விட்டது என்று அப்போதே என் கைக்குத் தெரியும். அதை என் தலைக்குச் சொல்ல நான் விடவில்லை. வெளியே வந்து, கைகழுவி, புது ஆயிலை முழுசாக ஊற்றினேன். அரைமணி கழித்து வாசல் பக்கம் போன மனைவி நிதானமாகக் கூப்பிட்டாள்.

"ஏனுங்க, வண்டி ஒண்ணுக்குப் போகுது."

போய்க்கொண்டுதான் இருந்தது. சொட்டுச் சொட்டாக, பொன்னிறத்தில். பேசினைத் திரும்ப அடியில் தள்ளினேன். பிறகு வாசற்படியில் உட்கார்ந்து விசாரணை நடந்தது. பலமா என்று சொன்னது நீ என்பேன் நான்; பலமா என்று நான் சொல்லவே இல்லை, பலக்கே என்றுதான் சொன்னேன் என்பாள் அவள். இந்தச் சுற்று நாலைந்து தடவை போனது. வழக்கம்போலச் சண்டை தமிழில்.

"தமிழ்ல பேசிண்டிருக்கறப்போ நடுவுல என்ன பலக்கே? வலது பக்கம்னு சொல்லத் தெரியாதா உனக்கு?"

"எங்க ஊர்ல வலதுன்னு யாருங்க சொல்லுவாங்க? சோத்தாங்கைப் பக்கம்னுதான் சொல்லுவம்."

"அதையே சொல்லியிருக்கலாமே."

அவள் புடவை நுனியில் பட்ட ஆயிலை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க வீட்ல அதைச் சொல்லக்கூடாதுங்களே" என்றாள்.

எனக்கு நினைவு வந்தது. கல்யாணமான முதல் வாரம். எங்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டு மேல்கோட்டைக்குப் போன வேனில் முன்சீட்டில் இருந்த அவள், டிரைவரிடம் "சோத்தாங்கைப் பக்கம் திரும்புங்க" என்றாள். சோறு தின்கிற கை, அதனால் சோத்தாங்கை. எங்கள் வீட்டில் சாதம்தான், சோறு கிடையாது. வேனில் ஒருவர் சிரிக்க, எல்லோரும் சிரித்தார்கள். மேல்கோட்டை போய்ச் சேரும்வரை ஆளுக்கு ஆள் அதைச் சொல்லிக் காட்டினார்கள். நானும் சிரித்தேன். நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. பதினோரு வருஷம். அது காணாமல் போனதைக்கூட நான் கவனிக்கவில்லை. பலக்கே என்பதைக் கல்லூரிப் பழக்கம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஒரு பந்தி என்னைப் பார்த்துச் சிரித்ததற்கு நான் சாய்வுப் பலகை வாங்கினேன், ஃபில்டர் வாங்கினேன், வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தேன். ஒரு வேன் அவளைப் பார்த்துச் சிரித்ததற்கு அவள் ஒரு சொல்லை விட்டுவிட்டு வேறு மொழிக்குப் போய்விட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவள் எழுந்து, "வண்டியத் தொடாதீங்க, நான் பஸ்ஸுல போய்க்கறேன்" என்று உள்ளே போய்விட்டாள்.

சித்தப்பாவுக்குப் போன் செய்தேன். பூனை வழியில் போய் இப்படி ஆயிற்றே என்றேன். அவர் அசரவில்லை.

"சரணாகதி பண்ணினவன் அப்புறம் பலத்தைக் காட்டப்படாதுடா" என்றார்.

மேல்கலையினருக்கு அன்று முழுக்கத் திருவிழா.

திங்கட்கிழமை விடிகாலை அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆட்டோவில் பஸ் நிலையத்துக்குப் போனாள். மூன்று பஸ். செவ்வாய்க்கிழமை காலை ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஒருவர் வந்தார். அடியில் குனிந்து பார்த்தார், என்னை ஏற இறங்கப் பார்த்தார், "சேம்பர் பிச்சணும் சார்" என்றார். கன்னடத்தில் பிச்சுவது என்றால் கழற்றுவதுதான் என்று தெரிந்திருந்தும், நான் செய்ததைவிட மோசமாக ஏதோ செய்யப்போகிறார் என்று ஒரு கணம் பயந்தேன். வண்டியைக் கட்டி இழுத்துப்போக வேண்டும் என்றார். பிறகு கையை நீட்டினார்.

"சாவி கொடுங்க சார்."

கதவுக்குப் பக்கத்து ஆணியில் சாவி இல்லை. மேஜை இழுப்பறையில் இல்லை. என் சட்டைப் பைகளில் இல்லை. நான் மறுபடியும் வண்டியைத் தொட்டுவிடக்கூடாது என்று அவள் எங்கோ ஒளித்துவைத்துவிட்டுப் போயிருக்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது. போன் செய்தேன். எடுத்தது மாமனார்.

"வாங்க மாப்பிள்ளை. புள்ள குளிக்கப் போயிருக்குது. என்னுங் சேதி?"

எத்தனையோ கேட்டிருக்கலாம். மழை உண்டா, மஞ்சள் விளைச்சல் எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு வைத்திருக்கலாம். ஒர்க்‌ஷாப்காரர் கை நீட்டியபடியே நின்றார்.

"மாமா, கார் சாவி எங்கே இருக்குன்னு கேக்கணும்."

சிரிப்பார் என்று காத்திருந்தேன். பெரிய மனுஷன், சிரிக்கவில்லை. போனை வைக்காமலே கதவைத் தட்டிக் கேட்பதும், குளியலறைக்குள்ளிருந்து அவள் பதில் சொல்வதும் காதில் விழுந்தன. அப்பா வீட்டில் அவள் குரல் ஓங்கியே ஒலித்தது. என்ன சொன்னாள் என்று அவர் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெளிவாகக் கேட்டுவிட்டது. ஆனாலும் அவரே சொல்லட்டும் என்று விட்டேன்.

"சமையல்கட்டு அலமாரியில, மேல்தட்டுல, சோத்தாங்கைப் பக்கமா வெச்சிருக்குதாம்" என்றவர், கொஞ்சம் யோசித்துவிட்டு, "சோத்தாங்கைன்னா தெரியுமுங்களா?" என்று கேட்டார்.

"அது தெரியும் மாமா" என்றேன்.