மூன்றாவது ரேசுக்கு முன்

ஒரு குதிரையைக்கூடக் கிட்ட நின்று பார்க்காமல் குதிரையால் சோறு தின்கிற தொழில், புக்கிக் கடைக் கிளாக்கர் தொழில். அறுபதுகளில் திருகோணமலைத் துறைமுகத்தடியில் நான் அதைத்தான் செய்தனான். இங்கிலாந்தில் ஓடுகிற குதிரைக்கு இங்கே காசு கட்டுவார்கள். முடிவு கொழும்பிலிருந்து போனில் வரும். தோற்ற பந்தயத் துண்டைக் கிழித்தெறிந்து பழகிய உங்களுக்கு மூன்று ரேஸ் சேர்த்துக் கட்டுகிற பந்தயத்தை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: முதல் குதிரை வென்ற காசு இரண்டாவதில் ஏறும், அது வென்றால் மூன்றாவதில் ஏறும். ஒன்று சறுக்கினாலும் எல்லாம் போச்சு. அதனால் இரண்டு வென்றவரிடம், மூன்றாவது ரேசில் அதை வெல்லக்கூடிய எதிர்க்குதிரைக்கும் கொஞ்சம் கட்டச் சொல்வேன்.

வள்ளத்துக்கு எஞ்சின்

சல்லிக் கிராமத்துக் கந்தையா அண்ணை வள்ளத்துக்கு எஞ்சின் வாங்க ஆசைப்பட்டுக் கட்டினவர். இரண்டு குதிரையும் வென்றுவிட்டன. "அண்ணை, மற்றதிலயும் கொஞ்சம் போடுங்கோ. ரெண்டில எது வெண்டாலும் வெறுங்கையோட போகமாட்டியள்" என்றேன். மனுசனுக்குக் கோபம் வந்துவிட்டது. தன் குதிரையை நான் அவமதித்ததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

குதிரை கழுத்தளவு தூரத்தில் தோற்றது. கந்தையா அண்ணை துண்டைக் கிழித்தெறிந்தார். பிறகு சொன்னார்: "தம்பி, நீர் சொன்னது குதிரைக்குக் கேட்டிட்டுது."

குடையோடு வந்த அக்கா

கந்தோர் உத்தியோகத்தர் ஒருவர் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவருடைய துண்டோடு மனைவி வந்து நின்றா. புக்கிக் கடை வாசலை அன்றுதான் முதன்முதலாக மிதிக்கிறா. இரண்டு வென்றாகிவிட்டது.

"இப்பவே காசாக்க ஏலாதோ?"

"ஏலாது அக்கா. ஆனா ஒரு வழி இருக்கு."

சொல்லி முடிக்குமுன் விளங்கிக்கொண்டா. கைப்பையைத் திறந்து எதிர்க்குதிரைக்குக் கட்டினா. அதுவே வென்றது. காசை மடித்து வைத்துக்கொண்டு குடையை விரித்தா. "தம்பி, அவர் வந்து கேட்டா, குதிரை தோத்தது எண்டு மட்டும் சொல்லுங்கோ."

முதலாளியின் வியர்வை

ஒருநாள் துறைமுகத் தொழிலாளர் எல்லாரும் ஒரே மூன்று குதிரைக்குக் கட்டிவிட்டார்கள். இரண்டு வென்றன. மூன்றாவதும் வென்றால் கடையைப் பூட்ட வேண்டியதுதான். முதலாளி கதிரையில் வியர்த்து ஒழுகிக்கொண்டிருந்தார்.

"அந்தக் குதிரைக்கே நாங்களும் கொழும்பில பெரிய புக்கியிட்ட கட்டுவம்" என்றேன்.

"எங்களைக் கவிழ்க்கப்போற குதிரைக்கு நாங்களே காசு கட்டுறதோ?"

"அது வெண்டா கொழும்புக்காரன் எங்களுக்குத் தருவான். நாங்கள் இவங்களுக்குக் குடுப்பம்."

அவர் தலையாட்டுமுன்பே போன் எக்சேஞ்சில் கொழும்புக்கு டிரங்க் கோல் கேட்டுவிட்டேன். லைன் கிடைத்தது, கட்டினேன், குதிரையும் வென்றது. மறுநாள் முதலாளி சிரித்த முகத்தோடு எல்லாருக்கும் எண்ணிக் கொடுத்தார். காசை வாங்கிய கிரேன்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "முதலாளி, தோத்த மனுசன் இப்பிடிச் சிரிக்கக் கூடாது."

நான் விற்கப் பார்த்தது நிம்மதியை, சனம் படியேறி வந்ததோ நெஞ்சிடிப்பை வாங்க.