வேலிப் பொட்டுக்குள்ளால் வந்த ரோசா

சண்டிலிப்பாயில் எங்கள் பக்கத்து வளவு அக்காவின் பூந்தோட்டத்தைப் பார்க்காமல் எனக்கு ஒரு பின்னேரமும் போனதில்லை. நாலு மணித் தேநீர் முடிந்ததும், ஓலை விலகி ஓட்டையாகிக் கிடந்த வேலிப் பொட்டுக்குள்ளால் புகுந்துவிடுவேன். ஓரமெல்லாம் குரோட்டன், கிணற்றடியில் மல்லிகைப் பந்தல், நடுவில் ரோசாக்கள். அதில் ஒன்றின் முன்னால் மட்டும் அக்கா கூடுதல் நேரம் நிற்பார். வெள்ளைப் பூ, இதழ் ஓரம் மட்டும் சிவப்பு. காலமாகிவிட்ட அவரது கணவர் மலைநாட்டில் வேலை பார்த்தபோது, ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்த கன்று அது.

எனக்கு அதில் கண்மண் தெரியாத ஆசை. கேட்டேன். அக்கா முகம் கோணாமல் இரண்டு தரம் தடி வெட்டித் தந்தார். முனையில் சாணி அப்பி நட்டேன், நிழல் கட்டினேன். இரண்டும் கருகிப் போயின. கேட்டு வாங்கின பூக்கன்று வேர் பிடிக்காது, களவெடுத்து நட்டால்தான் தழைக்கும் என்பார்கள் எங்கள் ஊரில். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தவள்தான் நான். ஆனாலும் ஒரு மத்தியானம் கத்தியோடு பொட்டுக்குள்ளால் போனேன். இலை சலசலத்தாலும் குந்திக்கொண்டேன். ஒரு சாண் தடிக்கு இவ்வளவு பயமா!

அந்தத் தடி பிடித்துவிட்டது. எங்கள் கிணற்றடியில், முள் அடர்ந்த தேசி எலுமிச்சை மரத்துக்குப் பின்னால் ஒளித்து வளர்த்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை என்பது பூத்த பிறகுதான் விளங்கியது. அக்கா வந்தால் படலையடியிலேயே கதை கொடுத்து மறித்து வைத்திருப்பேன்.

எண்பத்தேழாம் ஆண்டு ஆவணியில் தன் தங்கைக்குச் சுகமில்லை என்று அக்கா கரவெட்டிக்குப் புறப்பட்டார். என் கையைப் பிடித்தார்.

"அந்த ஒண்டுக்கு மட்டும் தண்ணி விடு பிள்ளை. மற்றதுகள் பட்டாலும் பறவாயில்லை."

"ஓம் அக்கா, நான் பாக்கிறன்."

நாள் தவறாமல் ஊற்றினேன். ஐப்பசியில் இந்திய இராணுவத்தோடு சண்டை வந்தது. நாங்களும் ஓடிப்போய்க் கோயிலில் இருந்தோம். மூன்று கிழமை கழித்து வந்து பார்த்தால் அக்காவின் வேலி விழுந்து கிடந்தது. ஆடுகள் புகுந்து, அந்த ரோசாவை அடிவரைக்கும் கடித்துப் பட்டையையும் உரித்திருந்தன. நகத்தால் கீறிப் பார்த்தேன், பச்சையே இல்லை. அதிலேயே இருந்து அழுதேன். என்னுடைய கன்று தேசி முள்ளுக்குப் பின்னால் மொட்டோடு நின்றது.

மார்கழியில் அக்கா திரும்பி வந்தார். பட்ட கட்டையைத் தொட்டுக்கொண்டு கனநேரம் குந்தியிருந்தார். எனக்குப் பொறுக்க முடியவில்லை.

"அக்கா, இதின்ரை கண்டு ஒண்டு எங்கடை கிணத்தடியிலை நிக்குது. நான்... களவெடுத்தனான்."

"தெரியும். நீ வெட்டேக்கை நான் யன்னலடியிலைதான் நிண்டனான். நீ பட்ட பாட்டைப் பாத்துச் சிரிப்பை அடக்கேலாமல் போச்சு."

"ஒரு நல்ல தடியா வெட்டித் தாறன் அக்கா."

"ஐயோ, வேண்டாம்! தந்தால் வராது. இதுவும் பட்டுப்போச்செண்டால் நான் தாங்கமாட்டன்."

அடுத்த நாள் மத்தியானம் அடுப்படியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தேன். வேலிப் பொட்டுக்குள்ளால் அக்கா குனிந்து வருவது தெரிந்தது. சேலைத் தலைப்புக்குள் கத்தி. நான் முதுகைத் திருப்பிக்கொண்டேன். தேங்காய் முடிந்துவிட்டது. சத்தம் நின்றால் நான் எழும்பிவிட்டேன் என்று பயந்துவிடுவாரே என்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு வெறும் சிரட்டையைத் திருவிக்கொண்டே இருந்தேன்.