தயிர்ச்சட்டி அரசு

எங்கள் பக்கத்து வழக்கப்படி, கலியாணம் முடிந்து நான் மனைவியின் வீட்டுக்குக் குடிபோனேன். போகும்போது ஒரு தயிர்ச்சட்டியையும் தூக்கிக்கொண்டு போனேன். அதன் அடியில் ஆணியால் துளையிட்டு, கிணற்றுக்கட்டில் முளைத்திருந்த அரசங்கன்று ஒன்றை நட்டிருந்தேன். வருடங்கள் போயும் அது முழங்கை உயரந்தான். மேல்மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர் ஊற்றுவேன். மாரிக்கு முன் வெளியே எடுத்து, வேரை நறுக்கி, புதுமண் போடுவேன்.

மாமிக்கு அதைக் கண்ணில் காட்டக்கூடாது.

“அரசு வேரோடினா சுவரெல்லாம் வெடிச்சுப் போகும், மருமகன்.”

“அதுக்குத்தானே மாமி, வேரை வெட்டுறன்.”

“அரசை வெட்டுறது அதைவிடப் பாவம்!”

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வளர்ந்தாலும் குற்றம், வெட்டினாலும் குற்றம் என்றால் அந்த மரம் என்னதான் செய்யும்?

பிள்ளை வேண்டி என் மனைவி வெள்ளிதோறும் கோயில் அரசமரத்தைச் சுற்றிவந்தாள். கோயில் வாவிக்கு அக்கரையில். ஒரு வெள்ளி, காற்றுக்குத் தோணி போகவில்லை. நான் முற்றத்தில் குந்தியிருந்து, வேர் நறுக்கிய மரத்தைச் சட்டியில் நட்டுக்கொண்டிருந்தேன். மாமி ஈரத்தலையோடு நின்ற மகளைக் கூட்டிவந்தார்.

“கெதியா மண்ணப் போடுங்க, மருமகன். புள்ள சுத்தட்டும்.”

பாவமும் வெடிப்பும் எங்கே போயினவோ! சட்டியைச் சுற்ற இரண்டு எட்டுப் போதும். நான் விலகப் பார்த்தேன். மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு என் தோளை அழுத்தினாள்.

“எழும்பவேணாம் மச்சான். உங்களையும் சேத்துச் சுத்தினாத்தான் பலன்.”